மேல் மாகாணத்துக்குக் குடிவருவோருக்கு: உங்கள் வீடு எந்தெந்த எல்லைகளுக்குள் இருக்கிறது?

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ புறப்படுகிற எவரும் "கொழும்புக்குப் போகிறேன்" என்று சொல்லித்தான் பஸ் ஏறுகிறார். போய்ச் சேர்ந்து வீடு எடுப்பது வத்தளையில், இல்லாவிட்டால் நீர்கொழும்பில், அல்லது பாணந்துறையில். ஊரில் இருப்பவர்களுக்கு அதுவும் கொழும்புதான், குடிபோனவருக்கும் அப்படித்தான். அடையாள அட்டையில் முகவரி மாற்றவும், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கவும், வாக்காளர் இடாப்பில் பெயர் பதியவும் அலுவலகப் படி ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. "இது எங்கள் பிரிவு இல்லை" என்ற ஒரு வரிப் பதிலில் அன்றைய கூலி போய்விடுகிறது.

என்னிடம் உதவி கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் கிராம அலுவலர் பிரிவு எது?" என்பதுதான். பலருக்குத் தெரிவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மாகாணத்தில் ஒரு வீட்டின் மேல் மாவட்டம், பிரதேச செயலகம், மாநகர சபை, தேர்தல் தொகுதி, கல்வி வலயம், பொலிஸ், தபால் என்று பல கோடுகள் ஓடுகின்றன. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு திணைக்களங்கள், வெவ்வேறு தேவைக்காக வரைந்த கோடுகள் அவை. ஒன்றோடொன்று பொருந்தும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். எந்த வேலைக்கு எந்தக் கோடு என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

முதல் படி: ஆறுகளை வைத்து மாகாணத்தைப் பாருங்கள்

வரைபடத்தில் ஊர்ப் பெயர்களைத் தேடுவதற்கு முன் ஆறுகளைப் பாருங்கள். மேற்கே கடல். வடக்கே மகா ஓயா. அதைத் தாண்டினால் வடமேல் மாகாணம். தெற்கே பெந்தர கங்கை; அளுத்கமவில் பாலத்தைக் கடந்து பெந்தோட்டைக்குள் கால் வைத்தால் நீங்கள் தென் மாகாணத்தில் இருக்கிறீர்கள். கிழக்கே நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ மாகாணத்தோடு சேர்கிறது.

இந்த எல்லைகளுக்குள் 3,684 சதுர கிலோமீற்றர். நாட்டின் ஒன்பது மாகாணங்களில் பரப்பளவில் மிகச் சிறியது இதுதான். ஆனால் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 58 இலட்சத்துக்கும் அதிகமானோர் இங்கே வாழ்ந்தார்கள்; அதாவது நாட்டு மக்களில் ஏறக்குறைய 100 பேருக்கு 29 பேர். வீட்டு வாடகையும் வீதி நெரிசலும் அலுவலக வரிசைகளும் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நடுவே ஓடுவது களனி கங்கை. சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. கடலை நெருங்கும் பகுதியில் தென்கரை கொழும்பு மாவட்டம், வடகரை கம்பஹா மாவட்டம். கிராண்ட்பாஸிலிருந்து பாலத்தைக் கடந்து பேலியகொடைக்குள் நுழைந்தவுடன் மாவட்டமே மாறிவிடுகிறது. தெற்கே மொரட்டுவைக்கும் பாணந்துறைக்கும் இடையில் பொல்கொடை ஏரியும் அதைச் சேர்ந்த நீர்நிலைகளும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் கொழும்பு மாவட்டம் முடிந்து களுத்துறை மாவட்டம் தொடங்குகிறது.

ஆக மாவட்டங்கள் மூன்று. கொழும்பு 699 சதுர கிலோமீற்றர், கம்பஹா 1,387, களுத்துறை 1,598. கொழும்பு மாவட்டத்திலும் கம்பஹா மாவட்டத்திலும் 2012இல் தலா 23 இலட்சம் பேர் இருந்தார்கள். களுத்துறையில் 12 இலட்சம் பேர்தான். மூன்றிலும் பெரிய மாவட்டம், மூன்றிலும் குறைந்த மக்கள். அதன் கிழக்குப் பகுதியில் மத்துகம, அகலவத்தை, புளத்சிங்கள, இங்கிரிய பக்கங்களில் இறப்பர்த் தோட்டங்களும் அவற்றில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சிங்கராஜ மழைக்காட்டின் ஒரு பகுதியும் இந்த மாவட்டத்துக்குள் வருகிறது. மேல் மாகாணம் என்றால் கட்டடக் காடு என்று நினைப்பவர்கள் ஒருமுறை மத்துகமவுக்கு அப்பால் போய்ப் பார்க்க வேண்டும்.

கம்பஹா தனி மாவட்டமானது 1978இல். அதற்கு முன் அது கொழும்பு மாவட்டத்துக்குள் இருந்தது. இதை வெறும் வரலாறு என்று விட்டுவிட வேண்டாம். நீர்கொழும்பில் அதற்கு முன் பிறந்த உங்கள் அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் கொழும்பு மாவட்டம் என்று இருந்தால் அது பிழையல்ல. திருத்தம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய தேவையும் இல்லை.

இரண்டாம் படி: எந்தக் கொழும்பு என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

கொழும்பு என்ற பெயர் குறைந்தது மூன்று வெவ்வேறு பரப்புகளைக் குறிக்கிறது.

முதலாவது, கொழும்பு மாநகர சபையின் எல்லை. 1865ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான, ஏறக்குறைய 37 சதுர கிலோமீற்றர் நகரம். கொழும்பு 1 முதல் 15 வரையான தபால் வலயங்கள் இதற்குள்தான். கோட்டை 1, கொம்பனித்தெரு 2, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, ஹெவ்லொக் டவுன் பக்கம் 5, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, பொரளை 8, தெமட்டகொடை 9, மருதானை 10, புறக்கோட்டை 11, புதுக்கடை 12, கொட்டாஞ்சேனை 13, கிராண்ட்பாஸ் 14, மட்டக்குளியும் முகத்துவாரமும் 15. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிடுங்கள். முகவரியைக் கேட்ட மாத்திரத்தில் திசை புரியும். தமிழர்கள் அதிகம் குடியேறும் கொழும்பு 6உம் 13உம் நகரின் இரு முனைகளில் இருக்கின்றன. ஒன்றில் வீடெடுத்து மற்றதில் வேலைக்குச் சேர்ந்தால் தினமும் நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கொழும்பு மாவட்டம். இது கிழக்கே அவிசாவளை வரை போகிறது. ஹோமாகமவில் இருப்பவரும் பாதுக்கையில் இருப்பவரும் கொழும்பு மாவட்டத்தவர்கள்தான், நகரத்தவர்கள் அல்ல.

மூன்றாவது, பேச்சு வழக்கில் விரிந்த கொழும்பு. கட்டுநாயக்க விமான நிலையம் கம்பஹா மாவட்டத்தில் இருக்கிறது. கொழும்பு மக்கள் சாப்பிடும் மீனும் மரக்கறியும் மொத்தமாக வந்து இறங்கும் பேலியகொடைச் சந்தைகளும் கம்பஹா மாவட்டத்தில்தான். "கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை" என்ற பெயரை நம்பி மட்டக்குளியில் தேடினால் கிடைக்காது. அது ராகமவில், அதுவும் கம்பஹா மாவட்டத்தில் இருக்கிறது. "கொழும்பு தெற்கு" என்ற வைத்தியசாலை தெஹிவளைக்கு அருகே களுபோவிலையில். நோயாளியை அவசரமாகக் கொண்டு போகும்போது இந்தக் குழப்பம் வரக்கூடாது. ஆகவே இந்த இரண்டையும் இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைநகரம் எது என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பாராளுமன்றம் 1982 முதல் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில், தியவன்னா ஓயாவின் நடுவே இருக்கிறது. வர்த்தகமும் வங்கிகளும் துறைமுகமும் கொழும்பில். அரசாங்க அலுவலகங்களில் பல கோட்டேயை அடுத்த பத்தரமுல்லைக்குப் போய்விட்டன. கடவுச்சீட்டு வழங்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் ஆட்பதிவுத் திணைக்களமும் அங்கே "சுஹுருபாய" கட்டடத்தில் இருக்கின்றன. கொழும்பு கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், நாரஹேன்பிட்டியில். பழைய நினைப்பில் கோட்டை புகையிரத நிலையத்தில் இறங்கி எல்லா அலுவலகங்களையும் நடந்தே முடித்துவிடலாம் என்று திட்டமிட வேண்டாம்.

ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பதையும் கவனியுங்கள். அந்தோனியார் ஆலயம் இருக்கும் கொச்சிக்கடை கொழும்பு 13இல். நீர்கொழும்புக்கு வடக்கே, மகா ஓயாவை ஒட்டி இன்னொரு கொச்சிக்கடை. கொழும்பு 2இல் ஒரு ஹுணுப்பிட்டி, வத்தளைப் பக்கம் இன்னொரு ஹுணுப்பிட்டி. முச்சக்கர வண்டிக்காரரிடம் ஊரின் பெயரோடு பக்கத்து ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: இரண்டு நிர்வாகங்களையும் பிரித்தறியுங்கள்

புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு நிர்வாகம் மத்திய அரசாங்கத்திலிருந்து கீழே இறங்கி வருவது. மாவட்டச் செயலாளர், அவருக்குக் கீழே பிரதேச செயலாளர்கள், அவர்களுக்குக் கீழே கிராம அலுவலர்கள். கொழும்பு மாவட்டத்தில் 13 பிரதேச செயலகப் பிரிவுகள், கம்பஹாவில் 13, களுத்துறையில் 14, மொத்தம் 40. இவர்கள் எல்லோரும் நியமனம் பெற்ற அதிகாரிகள். நீங்கள் யார், எங்கே வசிக்கிறீர்கள் என்பதை அரசாங்கத்துக்கு உறுதிப்படுத்துவது இவர்களின் வேலை. வதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை விண்ணப்பம், பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதி, நலன்புரிக் கொடுப்பனவு, வெள்ள நிவாரணம் எல்லாம் இந்த வழியில்தான்.

மற்றது வாக்களித்துத் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி மன்றம். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று மூன்று வகை. குப்பை, வடிகால், வீதி விளக்கு, சிறு வீதிகள், மயானம், பொது நூலகம், கட்டட அனுமதி, வியாபார உரிமம், சோலை வரி ஆகியவை இவற்றின் பொறுப்பு. மாகாணத்தில் மாநகர சபைகள் ஏழு. கொழும்பு, தெஹிவளை - கல்கிசை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே, கடுவெல, மொரட்டுவை ஆகிய ஐந்தும் கொழும்பு மாவட்டத்தில். நீர்கொழும்பும் கம்பஹாவும் கம்பஹா மாவட்டத்தில். களுத்துறை மாவட்டத்தில் மாநகர சபை கிடையாது. களுத்துறை, பாணந்துறை, பேருவளை, ஹொரணை ஆகிய நகரங்கள் நகர சபைகளின் கீழ் இருக்கின்றன. வத்தளை - மாபோலை, ஜா-எல, பேலியகொடை, மஹரகம, கொலன்னாவை போன்றவையும் நகர சபைகளே.

பிரதேச செயலகமும் பிரதேச சபையும் பெயரில் நெருக்கமானவை, வேலையில் முற்றிலும் வேறானவை. தெருவில் விளக்கு எரியவில்லை என்று பிரதேச செயலகத்தில் முறையிட்டுப் பயனில்லை; அடையாள அட்டைக்காகப் பிரதேச சபைக்குப் போயும் பயனில்லை. வத்தளை, ஜா-எல போன்ற ஊர்களில் நகர சபை ஒன்று, அதே பெயரில் பிரதேச சபை ஒன்று, அதே பெயரில் பிரதேச செயலகம் ஒன்று என மூன்று அலுவலகங்கள் இருக்கின்றன. "வத்தளை அலுவலகத்துக்குப் போங்கள்" என்று யாராவது சொன்னால், எந்த அலுவலகம் என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்த இரண்டுக்கும் பக்கத்தில் மாகாண சபை. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் வந்தது. மாகாணப் பாடசாலைகள், மாகாண வீதிகள், மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களின் அனுமதி, வாகனங்களுக்கான வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் இதன் கீழ் வருகின்றன. மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014இல்; 2019 ஏப்ரலில் அதன் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அதன் பின் ஆளுநரின் கீழ் அதிகாரிகளே நடத்துகிறார்கள். இத்தனை இலட்சம் மக்களின் பாடசாலைகளையும் வீதிகளையும் கவனிக்கும் அமைப்பில் மக்களின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கழிவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

நான்காம் படி: உங்கள் வீட்டைக் கோடுகளுக்குள் பொருத்துங்கள்

காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து தெற்கே நடந்து பாருங்கள். புடவைக்கடை, நகைக்கடை, சைவக் கடை, மருந்தகம் என்று கடைகள் வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும். எங்கே வெள்ளவத்தை முடிந்து தெஹிவளை தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்கு இந்தப் பக்கம் கொழும்பு மாநகர சபை, அந்தப் பக்கம் தெஹிவளை - கல்கிசை மாநகர சபை. இந்தப் பக்கம் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், அந்தப் பக்கம் தெஹிவளை பிரதேச செயலகம். தபால் குறியீடு 00600 போய் 10350 ஆகிறது. மாவட்டம் மட்டும் மாறவில்லை. குப்பை எடுக்கும் நாள் முதல் சோலை வரி கட்டும் இடம் வரை எல்லாம் மாறிவிடுகிறது.

திம்பிரிகஸ்யாய என்ற பெயர் பலருக்குப் புதிதாக இருக்கும். கொழும்பு மாநகர சபை ஒன்றுதான். ஆனால் அதே நகரம் பிரதேச செயலகக் கணக்கில் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டாகப் பிரிகிறது. கொட்டாஞ்சேனைக்காரர் போக வேண்டியது கொழும்பு பிரதேச செயலகத்துக்கு. வெள்ளவத்தைக்காரரும் பம்பலப்பிட்டிக்காரரும் போக வேண்டியது திம்பிரிகஸ்யாய செயலகத்துக்கு. தெஹிவளை - கல்கிசையிலும் இதே கதை: ஒரே மாநகர சபை, ஆனால் தெஹிவளை, இரத்மலானை என்று இரண்டு பிரதேச செயலகங்கள்.

உங்கள் பிரிவைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் கிராம அலுவலர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும் கேளுங்கள். பெயர் மட்டும் போதாது. வெள்ளவத்தை வடக்கு, வெள்ளவத்தை தெற்கு, பாமன்கடை கிழக்கு, பாமன்கடை மேற்கு என்று ஒரே ஊருக்குள் பல பிரிவுகள் உண்டு. அவருக்கும் தெரியாவிட்டால், அந்தத் தெருவில் நீண்ட காலமாகக் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். கிராம அலுவலரின் அலுவலகம் எங்கே என்று அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். பிறகு வீட்டின் சோலை வரிச் சிட்டையைப் பார்க்கக் கேளுங்கள். எந்தச் சபை என்பது அதன் தலைப்பிலேயே இருக்கும், வரி இலக்கமும் இருக்கும். மின்கட்டணச் சிட்டையின் ஒரு பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். நகரத்துக்கு வெளியே கோட்டே, நுகேகொடை, மொரட்டுவை, களனி, நீர்கொழும்பு போன்ற இடங்களில் மின்சாரம் தருவது பெரும்பாலும் லெக்கோ நிறுவனம், ஆகவே பழுதென்றால் அழைக்க வேண்டிய இடமும் வேறு.

தபால் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். 00 அல்லது 01 என்றால் கொழும்பு நகரம். 10 என்றால் நகரத்துக்கு வெளியே உள்ள கொழும்பு மாவட்டம், 11 கம்பஹா, 12 களுத்துறை. வத்தளை 11300, நீர்கொழும்பு 11500, பாணந்துறை 12500. வீட்டுத் தரகர் "கொழும்புக்குள்ளே" என்று சொல்லும் வீட்டின் குறியீடு 11இல் தொடங்கினால், அது எந்த மாவட்டம் என்று நீங்களே சொல்லிவிடலாம். தொலைபேசிக் குறியீட்டை நம்ப வேண்டாம். 011 வத்தளையையும் ஜா-எலவையும் சேர்த்துக்கொள்கிறது, அதே நேரம் கொழும்பு மாவட்டத்து அவிசாவளை 036இல் இருக்கிறது.

ஐந்தாம் படி: கிராம அலுவலரைச் சந்தியுங்கள்

குடிவந்த முதல் மாதத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். தேவை வந்த பிறகு முதன்முறையாகப் போய் நின்று "நான் இங்கே ஆறு மாதமாக இருக்கிறேன்" என்றால், அவர் அதை எப்படி உறுதிப்படுத்துவார்? வாடகை ஒப்பந்தம், குடும்பத்தினரின் அடையாள அட்டைகள், முந்தைய ஊரின் கிராம அலுவலர் தந்த கடிதம் இருந்தால் அதுவும், மின்கட்டணச் சிட்டையின் பிரதி ஆகியவற்றோடு போங்கள். எல்லா நாளும் அவர் அலுவலகத்தில் இருக்க மாட்டார். வெளிக்கள வேலைக்கும் பிரதேச செயலகக் கூட்டத்துக்கும் போக வேண்டியிருக்கும். மக்களைச் சந்திக்கும் நாட்கள் கதவில் ஒட்டியிருக்கும். முதல் தடவை போகும்போதே அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டையை ஒரே நாளில் பெற பத்தரமுல்லைக்குப் போகிறவர்களும் முதலில் கிராம அலுவலரின் கையெழுத்தையும் பிரதேச செயலகத்தின் மேலொப்பத்தையும் பெற்றுத்தான் போக வேண்டும். அட்டை தொலைந்துவிட்டால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் வேண்டும். பொலிஸ் நிலையத்தின் எல்லையும் தனிக் கணக்குதான். உங்கள் தெரு எந்த நிலையத்துக்கு உட்பட்டது என்பதையும் கிராம அலுவலரிடமே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் கர்ப்பிணித் தாயோ கைக்குழந்தையோ இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு எது, குடும்ப நல உத்தியோகத்தர் யார் என்பதையும் அதே நாளில் கேட்டு அறியுங்கள். அவர் வீடு தேடி வருவார், ஆனால் நீங்கள் வந்திருப்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

பாடசாலை, வாக்காளர் இடாப்பு

மாகாணத்தில் 11 கல்வி வலயங்கள். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பிலியந்தலை, ஹோமாகம. கம்பஹாவில் கம்பஹா, நீர்கொழும்பு, மினுவாங்கொடை, களனி. களுத்துறையில் களுத்துறை, ஹொரணை, மத்துகம. மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்விப் பணிமனையை நாடலாம். தேசிய பாடசாலை என்றால் அது மத்திய கல்வி அமைச்சின் கீழ்.

முதலாம் தர அனுமதியில் வசிப்பிடத்துக்குப் புள்ளிகள் உண்டு. கடந்த ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உங்கள் வீட்டுக்கும் விரும்பும் பாடசாலைக்கும் இடையில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலைகள் இருந்தால் புள்ளி குறையும். கையில் இரண்டு வயதுக் குழந்தையோடு வந்திருப்பவர் இன்றைக்கே இடாப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். பிள்ளைக்கு ஐந்து வயதானதும் யோசித்தால் காலம் கடந்துவிடும்.

இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. அந்தக் காலத்தில் கிராம அலுவலர் வழியாகப் பதிந்துகொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் பதியும் உரிமை உண்டு. "வாடகைக்காரர் பெயர் பதிய வேண்டாம்" என்று சொல்லும் வீட்டுச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பதிவதால் வீட்டின் உரிமை கைமாறிவிடாது என்று அவர்களுக்கு அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊரிலும் பெயர் நீங்கி, இங்கும் பதியாமல், வாக்கே இல்லாமல் போனவர்களை நான் அறிவேன்.

மூன்று மாவட்டங்களும் மூன்று தேர்தல் மாவட்டங்கள். கொழும்பில் 15 தொகுதிகள், கம்பஹாவில் 13, களுத்துறையில் 8. தொகுதியின் எல்லையும் பிரதேச செயலகத்தின் எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வாக்காளர் அட்டையில் இருப்பதையே பின்பற்றுங்கள்.

முற்பணம் கொடுப்பதற்கு முன்: தண்ணீர் எங்கே வரும்?

வடக்கு கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. இங்கே மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி செப்டெம்பர் வரை நீடிக்கிறது. ஒக்டோபர், நவம்பரில் மாலை நேரத்து இடியோடு இன்னொரு சுற்று. பெப்ரவரியில் வீடு பார்த்து, தரை காய்ந்து கிடப்பதைக் கண்டு முற்பணம் கொடுத்தவர்கள் மே மாதத்தில் கட்டிலின் மேல் பொருட்களை அடுக்குகிறார்கள்.

களனி கங்கையின் இரு கரையோரமும் தாழ்நிலம். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, சேதவத்தை, கடுவெல, மறுகரையில் பியகம ஆகிய இடங்களில் வீடு பார்ப்பவர்கள் 2016 மே மாத வெள்ளத்தில் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று கேட்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்க வேண்டாம். பக்கத்து வீட்டைக் கேளுங்கள். சுவரைப் பாருங்கள். புதிதாகப் பூசிய சாயத்துக்குக் கீழே, இடுப்பளவில் நேர்கோடாக ஒரு பழுப்புத் தடம் தெரிகிறதா? கீழ்த்தளத்து மின்செருகிகள் தோள் உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றனவா? பக்கத்து வீட்டின் குளிர்சாதனப் பெட்டி சீமெந்துக் கற்களின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறதா? இவை பொய் சொல்லாது.

மழைக்காலத்தில் நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்றின் நீர்மட்டத்தை அறிவிக்கும். ஹங்வெல்லையிலும் கொழும்பு நாகலகம் வீதியிலும் உள்ள அளவுகோல்களின் பெயர்கள் செய்தியில் அடிபடும். ஹங்வெல்லை மேலே இருக்கிறது. அங்கே மட்டம் ஏறினால் அந்தத் தண்ணீர் பிறகு கொலன்னாவைப் பக்கம்தான் வரும். உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த இடைவெளிதான்.

களுத்துறை மாவட்டத்தின் உட்பகுதியில் களு கங்கை இதே வேலையைச் செய்கிறது. அங்கே மலைச்சரிவை ஒட்டிய வீடுகளுக்கு மண்சரிவு அபாயமும் உண்டு. களனியின் கழிமுகத்துக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையில் முத்துராஜவெல சதுப்பு நிலம் நீண்டு கிடக்கிறது. மழைநீரைத் தாங்கிக்கொள்ளும் அந்த நிலத்தை மண்ணிட்டு நிரப்பி விற்கும் காணிகளை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம்.

போக்குவரத்து

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து நான்கு பெருவீதிகள் விரிகின்றன: வடக்கே நீர்கொழும்பு வீதி, வடகிழக்கே கண்டி வீதி, தென்கிழக்கே ஹைலெவல் வீதி, தெற்கே காலி வீதி. புகையிரதப் பாதைகளும் ஏறத்தாழ இதே திசைகளில்தான். கடலோரப் பாதை அளுத்கம வரை மாகாணத்துக்குள் இருக்கிறது. பிரதான பாதை ராகம, கம்பஹா, வேயங்கொடை, மீரிகம வழியாகப் போகிறது. ராகமவில் பிரியும் கிளை ஜா-எல வழியாக நீர்கொழும்புக்கு. களனிவெளிப் பாதை நுகேகொடை, மஹரகம, ஹோமாகம வழியாக அவிசாவளைக்கு.

வேலை எந்த வீதியில் இருக்கிறதோ அதே வீதியில் வீடு தேடுங்கள். வத்தளையிலிருந்து கோட்டைக்குப் போவது எளிது. வத்தளையிலிருந்து மஹரகமவுக்குப் போவது தூரத்தில் குறைவாகத் தெரிந்தாலும் நேரத்தில் நீளும். 100ஆம் இலக்க பஸ் பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் காலி வீதி வழியாக, 138 ஹைலெவல் வீதி வழியாக, 240 நீர்கொழும்புக்கு, 187 கட்டுநாயக்கவுக்கு, 177 கடுவெலைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும். பத்தரமுல்லை அலுவலகங்களுக்குக் காலி வீதிப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இந்த 177தான் பெரும் உதவி.

தமிழில் எழுதுங்கள்

சிங்களம் தெரியாது என்பதற்காக இந்த வேலைகளைத் தள்ளிப்போட வேண்டாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரசாங்க அதிகாரியோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. நடைமுறையில் எல்லா மேசையிலும் தமிழ் தெரிந்தவர் இருக்க மாட்டார் என்பது உண்மை. அதற்காக உரிமை இல்லாமல் போய்விடாது. படிவத்தைத் தமிழில் கேளுங்கள், தமிழில் நிரப்புங்கள், கடிதத்தைத் தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்த அலுவலகம், என்னென்ன ஆவணம் என்பதை 1919 என்ற அரசாங்க தகவல் நிலையத்தை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். அழைக்கும்போது கிராம அலுவலர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும், பிரதேச செயலகத்தின் பெயரையும், எந்தச் சபை என்பதையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்; மறுமுனையில் இருப்பவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.